நூற்று நாற்பது விநாடி

கொம்பனித்தெரு, ஐந்தாம் மாடி, இரவு இரண்டே கால்.
ஸ்டோரேஜுக்குப் போன பாதை நான்கும்
ஒன்றாய் விழுந்தன.
ஒரே இரும்புக்குள் குடியிருக்கும் முப்பத்தொரு சேர்வர்களும்
எழுதியதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடி நிற்கின்றன.

"இல்லை" என்று ஒரு பதில் வந்தால் போதும்.
அதற்கொரு குறியெண் உண்டு.
கணக்கை முடித்து
அடுத்த ஹோஸ்டில் எழுப்பிவிடலாம்.
வந்ததோ மௌனம்.
மௌனத்துக்கு நூற்று நாற்பது விநாடி தவணை.

"ரீபூட் பண்ணவா?" என்கிறான் சப்ரீன்.
பொறு.
போன மாதம் இவன் அவசரத்தில்
மருதானை மருந்துக்கடையொன்றின் இரண்டு நாள் விற்பனை
பாதி எழுத்தோடு செத்தது.

அறுபது.
பேர வாவியில் மழை விழுவது கண்ணாடியில் தெரிகிறது,
கேட்கவில்லை; ஏசி இரைச்சல்.

தொண்ணூறு.
வெள்ளவத்தையில் எனக்கு அறை தந்த நிமலராணி
மகனின் படிவத்தை லாச்சிக்குள் வைத்திருக்கிறா.
இறந்தார் என்ற கட்டத்தில் இன்னும் புள்ளடி இல்லை.
பதினேழு வருடம்.
அவவுக்கு யாரும் தவணை சொல்லவில்லை.

நூற்றுப் பத்து.
சப்ரீன் ரேக்குக்குப் பின்னால் தவழ்கிறான்,
வாயில் டோர்ச்.
யாரோ ஏணியை இழுத்தபோது
பைபர் முனை அரை மில்லிமீற்றர் கழன்றிருக்கிறது.
டிக்.

இரண்டு பாதை எழுந்தது.
மற்ற இரண்டும் விடியட்டும்.
முப்பது சேர்வர்கள்
விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கின.

முப்பத்தொன்றாவது
இன்னும் எதையோ பிடித்தபடி நிற்கிறது.
நிறுத்து என்கிற பொத்தானில் சுட்டியை வைத்து
எடுத்துவிட்டேன்.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.