டூல் கிட்: இல்லை

கண்ணாடி ஒன்று. இன்னொன்று உடைசல்.
சீட்டில் கிழிசல், நாலு விரல் நீளம்.
டூல் கிட்: இல்லை.
நாகலூரில் மிளகு காயப்போட்ட சாக்கின் ஓரம் நின்று
ஃபாரத்தை நிரப்பினேன்.
சடையப்பன் கையெழுத்துப் போட்டார்.
ஐந்து தவணை பாக்கி.
சாவி சூடாக இருந்தது, அவர் சட்டைப்பையின் சூடு.

"பின்டயரு..." என்று ஏதோ சொல்ல வந்தார்.
இந்த வேலையில்
வண்டிக்காரர் பேசத் தொடங்கும்போது
கிக்கரை உதைத்துவிட வேண்டும்.
உதைத்துவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கினால்
வளைவுகளை இருபதிலிருந்து எண்ண வேண்டும்.
பதினாலில் பின்பக்கம் லேசாக நெளிந்தது
தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்ததுபோல.
பதிமூன்றில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை.
பன்னிரண்டில் இறங்கித் தள்ளினேன்.
குரங்கு ஒன்று எழுந்து
எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

கீழே வெயிலில் சேலம் முழுக்கத் தெரிகிறது.
அடிவாரத்துக்குப் போனால் பஞ்சர் கடை.
அடிவாரத்துக்குப் போக டயர் வேண்டும்.

மூன்று மணி பஸ் வளைவில் திரும்பி
நின்றது.
மேனேஜரைப் பார்த்துக் கெஞ்சக் கிளம்பியவர்
சன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்திருக்கிறார்.
துணிக்கடைப் பையோடு இறங்கினார். பஸ் போய்விட்டது.
"அதத்தான் சொல்ல வந்தேன்."

ஒற்றை ரூபாயால் பக்க மூடியைத் திருகித் திறந்தார்.
உள்ளே, கிழிந்த பாவாடைத் துணியில் சுற்றி
இரண்டு லீவர், உப்புத்தாள், சொல்யூஷன்,
பழைய ட்யூபில் வெட்டிய வட்டங்கள்.
நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

சக்கரத்தைக் கழற்றவில்லை.
டயரின் ஒரு உதட்டை மட்டும் நெம்பி
குடலை உருவுவதுபோல் உருவினார்.
ஏற்கெனவே ஆறு ஒட்டு.
"இது மஞ்சக்குட்டை ஆணி.
இது அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ராத்திரி.
இது..."
விரல் நின்றது. ஞாபகம் வரவில்லை, விட்டுவிட்டார்.

வால்வில் வாய் வைத்து ஊதினார்.
ட்யூபைக் கன்னத்தருகே பிடித்துக் கண் மூடினார்.
காற்று அவருக்கு மட்டும் சொன்ன இடத்தில்
எச்சில் தொட்டு வைத்தார்.
ஒரு குமிழி வந்தது. உடைந்தது. வந்தது.
டயருக்குள் விரல் விட்டுத் தடவி
அரிசியளவு வேலிக்கம்பியை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.

சொல்யூஷன் காய வேண்டும்.
வண்டி யாருடையது என்று
யாரும் சொல்லத் தேவையில்லாத மூன்று நிமிஷம்.

மேலே போன காப்பி ஜீப்பைக் கை காட்டிப் பம்ப் வாங்கினார்.
டிரைவர் என்னைத் தாடையால் சுட்டி, "யாரு?"
"தெரிஞ்சவரு."
பம்பை நான் அடித்தேன்.
அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது.

"எவ்வளவு?" என்றேன்.
"மலையில நூத்தம்பது. தவணையில கழிச்சுக்குங்க."
ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பணமாகக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்.
துணிமூட்டையை முடிந்து
தன் பையில் போட்டுக்கொண்டார்.
நான் பார்த்தேன் என்பதையும் பார்த்தார்.
ஃபாரத்தைத் திருத்தவில்லை.

"ஒட்டு புதுசு. வளைவுல பின்பிரேக் புடிக்காம எறக்கணும்."
கொஞ்சம் யோசித்து, கையை நீட்டினார்.
சாவியைக் கொடுத்தேன்.

பின்சீட்டில், அந்த நாலு விரல் கிழிசலின் மேல்
நான் உட்கார்ந்திருந்தேன்.
பதினொன்று, பத்து, ஒன்பது.
இஞ்சினை அணைத்துவிட்டார்.
இரண்டு பேரின் எடையும் அந்த வட்டத்தின் மேல்.
காதில் காற்று. அது
வெளிக்காற்றா, டயர்க்காற்றா என்று
ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

யார்டு கேட்டில் இறங்கி
கட்டைவிரலால் டயரை அமுக்கினார்.
சாவியை என்னிடம் தந்துவிட்டு
வாட்ச்மேனிடம் சொன்னார்:
"காலையில ஒரு தடவ அமுக்கிப் பாருப்பா."