உண்மையானது

கறுத்த திரையின் மூலையில்
ஒரு வரி மூன்று வருசமாய்க் கிடந்தது.
இங்கிலீஷ் என்றபடியால் ஆரும் வாசிக்கவில்லை.
பிளவுஸுக்கு மயில் பார்க்க வந்த
கோண்டாவில் மணப்பெண்
வாசித்துவிட்டுச் சிரித்தாள்:
"அக்கா, உங்கட உண்மையில்லையாம்."

எம்பிராய்டறி மெசினுக்கு
விண்டோஸ் ஏழின் பாஷை மட்டும்தான் விளங்கும்.
புதுசு போட்டால் ஊசி அசையாது.
"ஐந்நூறு தாங்கோ,
அந்த வரியை அழிச்சு விடுறன்"
என்றான் கஸ்தூரியார் வீதி றெஜினோல்ட்.
வேண்டாம்.
காசு குடுத்து வாங்கினது வேணும், பில்லோட.
மழைக்குள் நின்று
பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துகிறவளைப் போல
என்னைப் பார்த்தான்.

கொழும்புக்கு நாலு கோல்.
வெள்ளவத்தையில் பூட்டின கடையொன்றின்
அலுமாரிக்குள் இருந்ததாம், பிரிக்காத பெட்டி.
இரவு பஸ்ஸில் வந்து இறங்கியது,
ஆற்றையோ கருவாட்டுப் பார்சலுக்குக் கீழே.
பதினாலாயிரம்.
கொம்பியூட்டரே பன்னிரண்டுக்குத்தான் வாங்கினேன்.

எறும்பு எழுத்து.
எட்டோ, பியோ?
டோர்ச் அடித்துப் பார்த்தோம்.
எட்டு என்றான், பி என்றேன்.
பிதான்.
இருபத்தைந்தாவதைத் தட்டும்போது
அவனும் மூச்சை அடக்கிக்கொண்டான்.

உண்மையானது, என்றது திரை.
அதற்கு மேலேயே வந்து குந்தியது இன்னொரு பெட்டி:
இதற்கு உதவி நிறுத்திக் கனகாலம்,
இனி ஒன்றும் திருத்தித் தரப்படாது.

"பாத்தீங்களோ?" என்றான்.

பார்த்தேன்.
பில்லை நாலாய் மடித்து
நூல் பேணிக்குள் வைத்தேன்.
மயிலுக்கு இன்னும்
கழுத்து வரவில்லை.