மதகு திறக்கும் முன்

முதலில் அந்த வெட்சூட்டோடு ஒரு மல்யுத்தம்.
நேற்று யாரோ போட்டது, இன்னும் காயவில்லை.
செத்த தவளைக்குள் காலை நுழைப்பதுபோல் இருக்கும்.
டிச்சினோ மலைச்சாலையின் இந்த வாகன நிறுத்தத்தில்
வங்கி அதிபரும் ஒற்றைக்காலில்தான் தத்துகிறார்.
இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நிவெஸ்.
பதினோரு கோடையாக இந்த இடுக்கில் இறங்குகிறேன்.
மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.
கழலாது என்றால் சொல்லுங்கள், நாடா சுற்றிவிடுகிறேன்.
ஏன் என்று கேட்க மாட்டேன்.

மேலே, உங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஓர் அணை.
அங்கே டேலியோ என்று ஒருவர்.
இதுவரை பார்த்ததில்லை.
காலை எட்டேகாலுக்கு அழைப்பேன்:
"எட்டுப் பேர். நான்கு மணிக்குள் வெளியே."
அவர் இருமுவார்.
"இன்று மூடியேதான் இருக்கும்" என்பார்.
அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான்
எட்டு உடம்பையும் வைத்து இறங்குகிறோம்.
கயிறெல்லாம் அப்புறம்.

முதல் அருவி முப்பத்தைந்து மீட்டர்.
விளிம்பில் பள்ளத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.
பின்னால் ஒரு நாற்காலி இருப்பதாக நினைத்து
மெல்ல உட்காருங்கள்.
தொடை தையல் மிஷின்போல் அடித்துக்கொள்ளும்.
அது குளிர் என்று சிலர் சொல்வார்கள்.
பயம்தான்.
பயந்தவர் தன் கொக்கியை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பார்.
எனக்கு அவரைப் பிடிக்கும்.

பாதி வழியில் தண்ணீர் முகத்தில் அறையும்.
தலையைக் குனிந்தால் ஹெல்மெட்டின் கீழே
கையகலக் காற்று மிச்சமிருக்கும்,
அதைக் கொண்டு சமாளியுங்கள்.
அந்த இடத்தில் எதையாவது யோசித்ததாக
இதுவரை யாரும் சொன்னதில்லை.
லுகானோ பல் மருத்துவர் ஒருவர் மட்டும்
இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று நினைத்தாராம்.

அப்புறம் கசம்.
பன்னிரண்டு மீட்டர் கீழே, பச்சைப் பாட்டில் நிறத்தில்.
நான் முதலில் குதித்து அடியைத் துழாவி வருவேன்.
நேற்றுப் பார்த்தது நேற்றோடு சரி,
இங்கே இரவில் கல் இடம் மாறும்.
தாத்ஸியோ மேலே உங்களுடன் நிற்பான்.
காலைச் சேருங்கள், கையை மார்பில் கட்டுங்கள்.
ஒன்று இரண்டு எண்ண வேண்டாம்.
எண்ணுகிறவர்கள் மூன்றில் நின்றுவிடுகிறார்கள்.

போன ஆகஸ்டில் ஒர்னெல்லா,
பெல்லின்சோனாவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர்,
அந்த விளிம்பில் நாற்பது நிமிடம் நின்றார்.
"குதி, குதி" என்று கணவர் கீழிருந்து கத்தினார்.
வாயை மூடுங்கள் என்றேன்.
அது என் வேலை அல்ல, ஆனாலும் சொன்னேன்.
தாத்ஸியோ அவரைக் கயிற்றில் இறக்கினான்.
தண்ணீரைத் தொட்டதும் என் காதருகே கேட்டார்:
"அடுத்த வாரம் தனியாக வரலாமா?"

வந்தார்.
அன்றும் குதிக்கவில்லை.
கயிற்றில் இறங்கி, மல்லாந்து,
நாங்கள் கூப்பிடும்வரை மிதந்துகொண்டிருந்தார்.

கடைசி வளைவில் வெயில் விழும் ஒரு பாறை.
அங்கே ரொட்டி, பாலாடைக்கட்டி.
உங்கள் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருக்கும்.
தேநீரில் பாதி நடுங்கியே சிந்திவிடும்.
யாருடைய ரொட்டி யார் கையில் என்றே தெரியாது.

நான்குக்கு முன் பாலத்தில் ஏறிவிடுவோம்.
எட்டு.
இன்னொரு முறை எண்ணுவேன்.
எட்டு.
டேலியோவை அழைத்து "எல்லோரும் வெளியே" என்பேன்.
"சரி" என்று வைத்துவிடுவார்.

உடனே கிளம்பிவிடாதீர்கள்.
வெட்சூட்டை இடுப்புவரை உரித்துக்கொண்டு
கைப்பிடிச் சுவரோரம் கொஞ்சம் நில்லுங்கள்.
முதலில் இடுக்கிலிருந்து ஒரு சில்லென்ற காற்று வரும்.
சத்தம் அதற்குப் பின்னால்தான்.
நாம் தின்ற இடம், சிந்திய தேநீர்,
நீங்கள் உள்ளங்கை ஊன்றிய சூடு,
எல்லாவற்றின் மேலும்
பழுப்பாய் ஒரு சுவர் நடந்துபோகும்.

அதை யாரும் படம் எடுப்பதில்லை.
பக்கத்தில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்,
உதடு அசையும்.
எண்ணுகிறார்கள்.