எண்ணிக்கைத் தாள்

கொளத்தூர். டயர் கடைக்கு மேல் மாடி அறை.
இம்தியாஸ் தலையை மேசையில் மோதுகிறான்.
பார்க்கக்கூடாது என்பது விதி.
பார்க்காமல், இடக்கையால் தலையணையைச் செருகி
வலக்கையால் கோடு போடுகிறேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

திங்கள் நாற்பத்தொன்று. செவ்வாய் அறுபது.
அவன் அம்மா செருப்பைக் கழற்றாமலே
வாசலில் நின்று அழுதாள்.
கூடித்தான் குறையும் என்றேன்,
அணையப்போகும் திரி ஒருமுறை எம்பும்.

"த" என்றால் கால் தம்ளர் ரோஸ்மில்க்.
"தா" என்றால் அரை.
எட்டாம் வாரம் "தா க்கா" என்றான்.
அன்றைக்குத் தாளில் எதுவும் எழுதவில்லை நான்.

தினம் கிடைப்பதைச் சீக்கிரம் மறக்கலாம்,
எப்போதாவது கிடைப்பதுதான் விடாது.
மெட்ரோ வாட்டர் லாரி
என்றைக்கு வரும் தெரியாத தெருவில்
குட வரிசை கலையவே கலையாது.
பெற்றோருக்கு இதைப் பலகையில் வரைந்து காட்டுவேன்.
தலையாட்டுவார்கள்.

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம்.
நீ பதினோரு நாள் கழித்துப் பேசுவாய்,
பிறகு நாலு நாளில்.
ஒருதடவை ஒரே மணி நேரத்தில் இரண்டுமுறை,
அந்த ஒருதடவைதான்.

இம்தியாஸின் தாளைத் திருப்பினேன்,
பின்பக்கம் காலி.
போனை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கோடு.
பெரம்பூர் தாண்டுவதற்குள் நாலு.
ஓட்டேரி சிக்னலில்
குறுக்குக் கோட்டுக்குப் பேனாவை வைத்துக்கொண்டு
பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

மடியில் பை அதிர்கிறது.

பஸ்தான்.