சரிவராது

திங்கள் முதல் வெள்ளி வரை
வங்கியின் அடகுப் பிரிவில்
மூன்றாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பேன்.
ஞாயிறு, பஞ்சிகாவத்தை நடைபாதையில்
குந்தியிருப்பேன்.
இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்:
மற்றவர்களின் நகையை
கழுத்தும் கையும் இல்லாமல் பார்ப்பது.

ஏழு மணிக்கு முன் போய்விட வேண்டும்.
எட்டுக்கு செட்டியார் தெருப் பொடியன்கள் வந்துவிடுவார்கள்,
கண்ணுக்குள்ளேயே தராசு வைத்திருப்பவர்கள்.
என்னிடம் திறப்புக் கோர்வையில் ஒரு காந்தம்,
கைப்பையில் கறுப்புக் கல்,
கண்மருந்துப் போத்தலில் கொஞ்சம் அமிலம்.
மகனுக்குக் கண்நோய் வந்த அன்றிலிருந்து
அந்தப் போத்தலின் மேல்
சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு குறுக்குக் கோடு.

துவான் ஸக்கீரின் படங்கடியில்தான் முதலில் நிற்பேன்.
கார்க் கண்ணாடி, மிக்ஸி மூடி, நின்றுபோன கைக்கடிகாரங்கள்,
பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கிக் குடும்பம்
மெல்பேணுக்குப் போகும்போது விட்டுப்போன முள்ளுக்கரண்டிகள்.
இந்த நாட்டில் எதைத் திருப்பினாலும் சிங்கம்.
கரண்டியின் முதுகில் நடந்துபோகிற சிங்கம் மட்டும்
எனக்கு வேண்டும். அது வெள்ளி.
மற்றதெல்லாம் முலாம்.

வேண்டியதைத் தொடக் கூடாது.
வேண்டாத ஒரு கோப்பைக்கு விலை கேட்டு,
கூட என்று சலித்து, எழும்பி,
நாலடி போய்த் திரும்பி வந்து,
"அப்ப, இந்தப் பேணிக்குள்ள கிடக்கிறது?" என்று
மூக்கைச் சொறிந்துகொண்டு கேட்க வேண்டும்.
இப்படித்தான்
ஒரு தடவை ஒற்றைத் தோட்டின் சுரை,
ஒரு தடவை குழந்தையின் அரைஞாண் மணி,
பிறகு மூன்று வருடம் ஒன்றுமே இல்லை,
போன மாரியில் ஒரு மூக்குத்தி.
கணக்குப் பார்த்தால் பஸ் காசுக்கும் காணாது.
கணக்குப் பார்க்கவா ஞாயிற்றுக்கிழமை?

ஆவணியில் அந்தப் பேணிக்குள்
பொத்தான், ஊசி, செத்த பற்றரிகளுக்கு அடியில்
ஒரு காப்பு.
காந்தம் அதைச் சட்டை பண்ணவில்லை.
பித்தளைக்கு இவ்வளவு கனம் வராது.
முந்நூறு என்றார். நூற்றைம்பது என்றேன்.
இருநூறுக்கு முடிந்தது.
கை நடுங்கவில்லை. பதினொரு வருட உத்தியோகம்.

பிளேன்ரீக் கடையின் பின்மேசையில்
திருப்பிப் பார்த்தேன்.
உட்புறம், பூட்டுக்குப் பக்கத்தில்
ஏற்கெனவே யாரோ உரைத்த தடம்,
நகக்கீறல் அளவு, இடப்பக்கம் சாய்ந்து.
எங்கள் பிரிவில் எல்லோரும் வலக்கை.
நான் மட்டும்தான் இடக்கை.

கல்லில் இழுத்தேன். ஒரு சொட்டு விட்டேன்.
கோடு கொஞ்சம் மங்கி,
போகாமல் நின்றது.
பதினெட்டுக் கரட்.

வைகாசி. வெள்ளிக்கிழமை, மூடுவதற்குப் பத்து நிமிஷம்.
குடை சொட்டச் சொட்ட ஒரு பெண்,
அடையாள அட்டையில் மட்டக்குளி.
எங்கள் கிளையில் இருபது கரட்டுக்குக் கீழே எடுப்பதில்லை.
அதைச் சொல்ல ஒரு முழு வசனம் வேண்டும்.
நான் ஒரு சொல்லோடு நிறுத்தினேன்:
"சரிவராது."
கண்ணாடித் துவாரத்தால் காப்பைத் தள்ளினேன்.
யார் போட்டுவிட்ட காப்போ,
இத்தனை நாளும் பொய் சொன்ன மனுசனைப் பார்ப்பதுபோல்
அதைப் பார்த்தாள்.
நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

துவானிடம் திரும்பிப் போய்க் கேட்டேன், யார் தந்தது என்று.
"நான் மூட்டையாத்தான் வாங்குறது, மிஸ்.
மூட்டையோட முகம் வாறதில்ல."
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
"என்ன, பவுணா?"

"இல்லை" என்றேன்.
அன்றும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

திருப்பி அனுப்பிய நகைக்கு
எங்கள் பதிவேட்டில் வரி கிடையாது.
காப்பு என் லாச்சிக்குள், முத்திரை மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
இப்போதெல்லாம் வசனத்தை முழுதாகச் சொல்கிறேன்:
இது தங்கம்தான், நல்ல தங்கம்,
எங்கள் கிளையில்தான் எடுப்பதில்லை,
தெருவில் கேட்டுப் பாருங்கள், குறைத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.
வரிசை நீள்கிறது. மனேஜர் எட்டிப் பார்க்கிறார்.

அவள் பெயர் ஞாபகமில்லை.
குடை ஞாபகம், நீலம், ஒரு கம்பி முறிந்தது.
மழை பெய்தால்
வாசலைப் பார்த்துக்கொண்டே உரைக்கிறேன்.