சரி என்றால் சொல்லாது

பென்குயின் ஒட்டிய பென்டிரைவ் ஒன்றை
பேக்கரியில் ரொடெல் தந்தான்,
மாவு மூட்டை இறக்குகிறவன்.
"பயப்படாதே, ஒன்றும் உடையாது."
உடைந்தது.

முதல் இரவே.
வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது.
பென்டிரைவைத்தான் கேட்கிறது என்று நினைத்து
ஓம் என்றேன்.
ஏழு வருட வருமானவரிக் கடதாசிகள்,
குகனேசனின் லைசென்ஸ் படம்,
பாதியில் விட்ட ஒரு கடிதம்,
எல்லாம் போயின.
கடிதத்துக்கு மட்டும் நான் கவலைப்படவில்லை.

வெளியே வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
மூக்கில் வயர் செருகியபடி
கார்கள் உறங்கின.

உன் ஊர் எது என்று வரைபடம் விரித்தது.
வினிபெக்கைத்தான் தொட்டேன்.
ரெய்னி ரிவர் என்றது.
திரும்பவும் தொட்டேன். ரெய்னி ரிவர்.
இருக்கட்டும், மணி ஒன்றுதானே.
பிழையான ஊரில் சரியான நேரத்தோடு
இருக்கப் பழகியவள் நான்.

பிறகு கடவுச்சொல்.
தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழவில்லை,
ஒரு புள்ளி கூட.
விசைப்பலகை செத்துவிட்டதென்று
கவிழ்த்துத் தட்டினேன். பாண் தூள் கொட்டியது.
மூன்றாம் நாள்தான் விளங்கிற்று:
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
காட்டவில்லை, அவ்வளவுதான்.

வைஃபை இல்லை.
வைஃபைக்கு வேண்டியதை
வைஃபையில் இறக்கிக்கொள் என்றது.
சிரித்தேன்.
பதினைந்து நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.
மேல்வீட்டு ஒக்சானாவிடம் நீல வயர் கடன் வாங்கி
படிக்கட்டால் பேஸ்மண்டுக்கு இழுத்தேன்.
அவளுடைய நாய் அதை ஒருமுறைதான் கடித்தது.

ஒரு சனிக்கிழமை, எதையோ நிறுவப் போக,
"நீ பட்டியலில் இல்லை.
இந்தச் சம்பவம் முறையிடப்படும்."

யாரிடம்?

லைட்டை அணைத்துவிட்டு
குந்தியிருந்தேன்,
கதவு தட்டுப்படுமோ என்று.
பட்டியல்களில் இல்லாமல் போவது
எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திங்கள் காலை, கையெல்லாம் மாவோடு
ரொடெல் வயிறு குலுங்கச் சிரித்தான்:
"உன்னிடம்தான்!
அந்த மெசினுக்கு அதிகாரி நீதானே,
முறைப்பாடு உனக்குத்தான் வரும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன்.
வந்திருந்தது.
என்னைப் பற்றி, எனக்கு, மணி நிமிடத்தோடு.
மன்னித்து
என் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன்.

பிழை என்றால் பக்கம் பக்கமாகப் பேசும்.
சரி என்றால் சொல்லாது.
அடுத்த வரி வெறுமையாய் வந்து நிற்கும்,
ஒரு கோடு மினுங்கும்.
நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்,
இன்னும் ஏதாவது சொல்லும் என்று.
எங்கள் சூப்பர்வைசருக்கும் இதே குணம்தான்,
ஆனால் அவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட முடியாது.

நேற்றுச் சத்தம் போய்விட்டது.
எதைத் தொட்டேன் என்று தெரியும்.
திருத்தவும் தெரியும்.
மாவு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்,
பதினொராவது வரி.
இன்றிரவு அது வேண்டாம்.
இன்னொன்று இருக்கிறது,
இன்னும் தொடாதது.