பொத்தானின் நிறம்

"ஆரஞ்சுதான் அதிகம் அழுத்தப்படுகிறது" என்றான் ரைமொன்ஸ்.
செருப்புக் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும்
அவன் நீட்டியது இதே வரைபடத்தைத்தான்.
இது ரீகாவில் ஓர் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் தளம்.
பெட்டி, வண்டி, மலர், பாதிரியார்,
கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான்:
உறுதி செய்.

நான் சாம்பல் வைத்தேன்.
வெள்ளையின் மேல் மூடுபனிபோல ஒரு சாம்பல்,
அதன்மேல் இன்னும் மெல்லிய சாம்பலில் எழுத்து.
துக்க வீட்டில் குரல் தாழ்த்த வேண்டாமா?
நிறச் சக்கரத்தில் எந்தத் திசைக்கும் நகராமல்
நட்டநடுவில் நின்றுகொண்டேன்.

ஐவார்ஸ் வந்தார், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
மார்ச்சில் மனைவியை அடக்கம் செய்ய
எங்கள் பக்கத்தைத்தான் திறந்திருக்கிறார்,
விடிகாலை மூன்று மணிக்கு, போனில்.
பொத்தானைத் தேடிப் பதினோரு நிமிடம்.
"கண்ணில் தண்ணீர்.
உங்கள் எழுத்து அதில் கரைந்துவிட்டது."

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே
குறைந்தது நான்கரைக்கு ஒன்று வேண்டும்.
தெரியும். பிறருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.
என் சாம்பல் இரண்டைக்கூடத் தொடவில்லை.
நாகரிகம் என்று நான் நினைத்தது
அழாதவர்களுக்கு மட்டும் தெரிகிற நிறம்.

போகிற நேரத்தில் இன்னொன்று சொன்னார்.
இறந்த தேதி கேட்ட கட்டத்தில், கை பிசகி,
ஸ்கைத்ரீதெ பிறந்த தேதியை இட்டாராம்.
கட்டம் சிவந்தது. 'தவறு.'
"ஆம்புலன்ஸை நான் தாமதமாக அழைத்தது
உங்களுக்கும் தெரிந்துவிட்டதோ என்று
பயந்துபோனேன்."

குறிப்பேட்டில் 'சிவப்பு' என்று எழுதினேன்.
அதற்கு மேல் எழுத வரவில்லை.

சிவப்பை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது
கறுப்பில் ஒரு வரி:
'இந்தத் தேதியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.'
பொத்தானுக்கு ரை ரொட்டியின் மேலோட்டு நிறம்,
அதில் வெள்ளை எழுத்து, பன்னிரண்டுக்கு ஒன்று.
மலர்களின் எண்ணிக்கை இரண்டில் தொடங்கி
இரண்டிரண்டாய் ஏறும்;
ஒற்றைப்படை இங்கே பிறந்தநாளுக்கு.

ஓரத்திலாவது கொஞ்சம் ஆரஞ்சு, என்றான் ரைமொன்ஸ்.
வேண்டாம்.

நேற்று புது வரைபடத்தோடு வந்தான்.
கடைசிப் பக்கத்தில் சராசரி நாற்பது விநாடி கூடியிருக்கிறது.
பொத்தானைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்,
விரல் அதன் மேலேயே நிற்கிறது,
அழுத்துவதில்லை.
"எங்கோ தடுக்கிறது, என்னவென்று பார்" என்றான்.

ஜன்னலுக்கு வெளியே டௌகாவா ஆறு உறைந்து கிடந்தது,
என் பழைய சாம்பலில்.
சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்தேன்.
அந்த நாற்பது விநாடியைச் சேர்க்காமல்
மூடினேன்.